உளுந்தில் எண்ணிப் பாருங்கள்

கடைக்கணக்கு: வாசகர் கேள்வி பதில்

நானும் கணவரும் ரங்கூன் தாம்வே பக்கம் ஆறு வருடமாக இட்லி, தோசைக் கடை நடத்துகிறோம். காலையில் கூட்டம் குறைவதே இல்லை. நோட்டில் லாபம் என்றுதான் வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் சரக்கு வாங்கக் கைமாற்றுக்கு நிற்கிறோம். எங்கே ஓட்டை என்று தெரியவில்லை, அக்கா. மூன்று மாத நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். – வாசகி, ரங்கூன்

தங்கச்சி, உங்கள் நோட்டை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். தினமும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மீந்த மாவைக்கூடப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். அந்தப் பென்சில் குறிப்புதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் லாபம். முதல் மாதம் முதல் வாரத்தில் 50 வீசை (இங்கே ஒரு வீசை 1.63 கிலோ) உளுந்து வாங்கியிருக்கிறீர்கள். அதை அரைத்து, சுட்டு, விற்று, வாடகை கொடுத்து, வீட்டுக்கும் எடுத்து, மிச்சப் பணத்தை முதலோடு சேர்த்தீர்கள். மூன்றாம் மாதக் கடைசியில் உளுந்துக்கென்று ஒதுக்கிய பணம் முன்பைவிடக் கூடுதல்தான். அதைத்தான் நோட்டு லாபம் என்கிறது. ஆனால் அன்றைய விலையில் அந்தப் பணத்துக்குக் கிடைத்தது 43 வீசை. கியாட்டில், அதாவது நம் பர்மியப் பணத்தில், கூடியிருக்கிறது, உளுந்தில் 7 வீசை குறைந்திருக்கிறது. நீங்கள் தேடுகிற ஓட்டை அதுதான்.

2021 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு டாலர் 1,330 கியாட் சுமாருக்கு இருந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி 2,100 என்று வைத்தது. வெளிச்சந்தையில் அதையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிற பாமாயிலுக்கு டாலர் ஏறினால் அடுத்த வாரமே விலை ஏறும். உளுந்து நம் மண்ணில் விளைவதுதான், ஆனால் அதன் விலை நம் கையில் இல்லை. இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2021 மே மாதம் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தது. அங்கே ஓர் அறிவிப்பு வந்தால் இங்கே பாயின்நவுங் மொத்தச் சந்தையில் அன்றைக்கே பேச்சு மாறும். அந்தச் சந்தையில் ஒரு பயறுக் கிடங்கில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவள் நான். விலைப்பலகையில் சாக்பீஸால் எழுதிய எண்ணை மத்தியானத்துக்குள் மூன்று தடவை அழித்து எழுதிய நாட்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் கடை ஓட என்னென்ன வேண்டும்? அரிசி, உளுந்து, எண்ணெய், துவரம்பருப்பு, கரி, பையனுக்குச் சம்பளம், ஒரு நாள் வாடகை. அன்றைய விலையில் இதையெல்லாம் கூட்டுங்கள். கல்லாவில் இருப்பதையும் போனில் இருப்பதையும் சேர்த்து அந்தத் தொகையால் வகுங்கள். 19 என்று வந்தால், கையிலுள்ள பணத்தில் கடை 19 நாள் ஓடும் என்று அர்த்தம். அந்த எண்ணை மட்டும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வாருங்கள். 19, 19, 20 என்று போனால் நிம்மதியாகத் தூங்கலாம். 19, 17, 16 என்று இறங்கினால், நோட்டு எவ்வளவு லாபம் காட்டினாலும் நீங்கள் முதலைத்தான் சாப்பிடுகிறீர்கள். எட்டு வாரம் எழுதினால் போதும், இட்லி விலையை எப்போது ஏற்ற வேண்டும் என்று பக்கத்துக் கடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்காது.

இப்போது அந்தப் பென்சில் குறிப்பு. தொண்ணூறு நாளில் 31 நாள் ஒரு வீசைக்கு மேல் மாவைக் கொட்டியிருக்கிறீர்கள். கொட்டியது வியாபாரம் மந்தமான நாளில்தான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விற்பனையோடு பொருத்திப் பார்த்தால் ஒத்துவரவில்லை. அப்புறம் உங்கள் பகுதியில் மின்சாரம் போன இரவுகளை (அதையும் நீங்களே குறித்திருக்கிறீர்கள்) பக்கத்தில் வைத்தேன். 31இல் 24 நாள், முந்தின இரவு மின்சாரம் இல்லாத நாள். ஃபிரிட்ஜ் நின்று மாவு புளித்துப் போயிருக்கிறது.

இதை உடனே நம்பிவிட வேண்டாம். அந்த மூன்று மாதமும் மழைக்காலம். மின்சாரம் போகிற இரவில் மழையும் பெய்திருக்கும், மழை பெய்த காலையில் ஆள் வரத்து குறைந்தும் இருக்கும். எது காரணம் என்று நோட்டு மட்டும் சொல்லாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு வாரம், இரவு மின்வெட்டு முறை வருகிற நாளில் மட்டும் சாயங்காலம் பாதி அரையுங்கள், மீதியை விடியற்காலை அரைத்துத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் எப்போதும்போல. கொட்டுகிற மாவு குறைந்தால் காரணம் உறுதி. குறையவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், மழையைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. ரங்கூன் பக்கத்துச் சிரியம் ஊரில் அம்மா முறுக்கும் தட்டையும் சுட்டு விற்றார்கள். தட்டை நாலு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், முறுக்கு இரவு வரை டப்பாவில் இருக்கும். அதனால் தட்டையைக் கூட்டினோம், முறுக்கைக் குறைத்தோம். வேலை கூடியது, கையில் காசு குறைந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒரு மாதம் சுடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ச் சட்டியைத் தராசில் வைத்து எழுதினேன். ஒரு வீசை மாவுக்குத் தட்டை 35 கியத்தா எண்ணெய் குடித்தது, முறுக்கு 24. (வீசைக்கு 100 கியத்தா.) இரண்டுக்கும் ஒரே விலை வைத்திருந்தோம். தட்டை வேகமாகத் தீர்ந்ததே அடக்க விலைக்குப் பக்கத்தில் விற்றதால்தான். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் சம்பளம் எழுதவே இல்லை. எழுதுங்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவைப்பதை நிறுத்தி, வாரச் சம்பளமாக எடுங்கள்.

டேட்டா அனாலிசிஸ் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நம் செட்டியார்கள் இதெல்லாம் இல்லாமலா பர்மாவையே ஆண்டார்கள்? – வாசகர், பெகு

ஆண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், ஐயா. ஆனால் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது உண்மை. பேரேடு, ஐந்தொகை, நாள் தவறாத வட்டிக் கணக்கு என்று அவர்கள் எழுதியதெல்லாம் தரவுதான். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929–30இல் எடுத்த கணக்கில் இங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள், போட்ட பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய்.

அப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடனும் தனித்தனியாகப் பார்த்தால் பத்திரமான கடன், ஆள் தெரியும், நிலம் தெரியும். ஆனால் கீழ்ப் பர்மாவில் கொடுத்த கடன் கிட்டத்தட்ட எல்லாமே நெல்லை நம்பித்தான் நின்றது. 1930இல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்ததும் எல்லாக் கடனும் ஒரே நேரத்தில் விழுந்தது. பணத்துக்குப் பதில் நிலம்தான் கைக்கு வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. அவர்கள் கேட்டது நிலம் இல்லை. அந்த நிலமே பர்மியர்களின் கோபத்துக்குக் காரணமானது, 1942இல் போர் வந்தபோது விட்டுவிட்டு ஓட வேண்டியதும் ஆனது.

நீங்கள் சமையல் காண்டிராக்ட் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போன வருட ரசீதுகளை ஆள் வாரியாகப் பிரித்து, மொத்த வரும்படியில் எந்த ஒரே இடத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே மண்டபத்திலிருந்து என்றால், அந்த மண்டபக்காரர் கைமாறுகிற அன்று என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டேன். அப்பாவின் மளிகைக் கடையைக் கணினிக்கு மாற்ற நினைக்கிறேன். அப்பா, "எல்லாம் என் தலையில் இருக்கிறது" என்கிறார். தினம் சண்டை. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? – வாசகர், மௌல்மீன்

தம்பி, எதையும் வாங்காதீர்கள். சும்மா கிடைக்கிற விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) ஒன்று போதும். அப்பாவோடு சண்டையும் வேண்டாம். அவர் தலையில் இருப்பதும் தரவுதான், உங்களுக்குத்தான் அதை இறக்கத் தெரியவில்லை.

கடையை முழுதாக மாற்றப் போகாமல் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் அது கடன் நோட்டாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி, ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், அதற்கும் மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவிடம் கேளுங்கள்: "அப்பா, மூன்று மாதத்துக்கு மேல் நிற்பது எவ்வளவு இருக்கும்?" அவர் சொன்னதை எழுதிக்கொண்டு அப்புறம் கூட்டுங்கள். யார் தருவார், யார் தர மாட்டார் என்பதில் அப்பா தவறவே மாட்டார். மொத்தத் தொகையில்தான் பெரும்பாலும் குறைத்துச் சொல்வார், ஏனென்றால் சின்னச் சின்னப் பற்று மனதில் நிற்காது. அந்த இடத்தில் அவரே உங்களிடம் பேச ஆரம்பிப்பார்.

பழைய நோட்டை ஏற்றும்போது இரண்டு இடத்தில் கவனம். அப்பா சர்க்கரைக்கு "5" என்று மட்டும் எழுதியிருப்பார், அது வீசையா கிலோவா என்று இருக்காது. ஒரு வீசை 1.63 கிலோ. கலந்துவிட்டால் ஒரு பொருளின் விற்பனை திடீரென்று ஏறியது போலத் தெரியும், நீங்களும் சரக்கைக் குவிப்பீர்கள். (ஆங்கிலேயர்கள் விஸ் என்று எழுதியது நம் வீசையைத்தான். அவ்வளவு பழைய உறவு.) அரிசி இன்னும் சிக்கல், மூட்டை, பியி (பர்மியப் படி), பால் டின் என்று மூன்றும் வரும். ஒரு பியிக்கு 8 டின். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கூட்டுங்கள்.

இரண்டாவது எழுத்துரு. 2019 அக்டோபரில் நாடு ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறியது நினைவிருக்கும். பழைய போனிலிருந்து ஸோஜியில் அடித்த "சர்க்கரை"யும் புதிய போனில் அடித்ததும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம், விரிதாளுக்கு அவை இரண்டு பொருள். பேரை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். கேபிஇசட் பே என்ற பணச் செயலியில் வந்த பணத்தின் பட்டியல் போனிலேயே தேதியோடும் நேரத்தோடும் இருக்கிறது, கடையில் எந்த மணிக்குக் கூட்டம் என்று அதிலேயே ஓரளவு தெரியும்.

நான் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன். நாற்பது நாள் விற்பனை எழுதி வைத்திருக்கிறேன். போதுமா? சில வாரம் எகிறுகிறது, சில வாரம் படுத்துவிடுகிறது. போன வருடம் இதே தேதியில் நன்றாக விற்றது நினைவிருக்கிறது. – வாசகி, தாட்டோன்

மீந்ததும் வீணானதும் பார்க்க நாற்பது நாள் போதும். ஏற்ற இறக்கத்துக்குப் போதாது, ஒரு முழு வருடம் வேண்டும். அதிலும் தேதியைத் தேதியோடு ஒப்பிடாதீர்கள், அம்மா. இங்கே கூட்டத்தை ஆட்டுவிப்பது நிலா. பர்மிய வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து தடின்ஜுட் மாதப் பௌர்ணமி வரை புத்த விரத காலம். அந்த மாதங்களில் பர்மியர்கள் நிறையப் பேர் மாமிசத்தை விடுகிறார்கள், நம் சைவச் சாப்பாட்டுப் பக்கம் வருகிறார்கள். அந்த வாசோ பௌர்ணமி 2023இல் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தது, 2024இல் ஜூலையிலேயே வந்துவிட்டது. தேதியை வைத்துப் பார்த்தால் ஜூலையில் வியாபாரம் எகிறிவிட்டதாகவும் ஆகஸ்டில் புதிதாக எதுவும் இல்லாததாகவும் தெரியும். உண்மையில் பண்டிகைதான் நகர்ந்திருக்கும்.

உங்கள் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு வளர்பிறையா, தேய்பிறையா, எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பியதற்கும் ஒரு கட்டம் வேண்டும், பூண்டு ஊறுகாய் கேட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள் என்பது விற்பனைக் கணக்கில் எங்கேயும் வராது. அடுத்த வாசோவுக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் எத்தனை பாட்டில் போனது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை வீசை மாங்காய் வாங்கிப் போடலாம் என்று அப்போது சேர்ந்து பார்ப்போம்.