அசையாத கோடுகள் அசைவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மோட்டார் வைத்த சிற்பமும் கண்ணைக் கூசவைக்கும் கறுப்பு வெள்ளை ஓவியமும் ஒரே வகையா?

பதில்: இல்லை. ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1920-வாக்கில் மோட்டாரால் அதிரவைத்த எஃகுக் கம்பியில் பொருளே அசைகிறது. ஆங்கிலேய ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-ல் வரைந்த கறுப்பு வெள்ளைச் சதுரங்களில் எதுவும் அசையாது, கண்தான் தடுமாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வெனிசுவேலா நாட்டுக் கலைஞர் ஹெசூஸ் ரஃபேல் சோட்டோ. கோடு போட்ட பலகைக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு கோட்டு வரிசை. பார்ப்பவர் நகர்ந்தால்தான் படம் துடிக்கும். 1955-ல் பாரிசில் டெனிஸ் ரெனே கலைக்கூடத்தில் நடந்த ‘லெ மூவ்மான்’ (அசைவு) கண்காட்சியில் இவரும், கண்ணை ஏமாற்றும் ஓவியங்கள் வரைந்த வசரேலியும், அசையும் சிற்பங்கள் செய்த கால்டரும் சேர்ந்தே இடம்பெற்றார்கள்.

கேள்வி: சோட்டோ முறையை ஏ4 அளவில் செய்து பார்க்க அளவு சொல்லுங்கள் சார்.

பதில்: 1 மி.மீ. கறுப்பு, 1 மி.மீ. வெள்ளை என்று செங்குத்துக் கோடுகள். ஒன்றைத் தாளிலும் ஒன்றை ஓ.எச்.பி. ஷீட்டிலும் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிடுங்கள். 5 மி.மீ. ஃபோம் போர்டு நான்கை அடுக்கி ஓரத்தில் ஒட்டினால் நடுவே 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும். ஷீட்டைத் தாளுக்கு இணையாகவே வைத்து, அதன் கோடுகள் மட்டும் 2 பாகை சாயும்படி திருப்பி ஒட்டுங்கள். கிட்டத்தட்ட 57 மி.மீ.க்கு ஒன்றாகப் படுக்கைவாட்டில், லேசான சாய்வோடு, அகலமான பட்டைகள் தோன்றும். இவைதான் மொய்ரே. 2 மீட்டர் தள்ளி நின்று தலையைப் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்த்தினால் பட்டை 3 செ.மீ. அளவுக்கு மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். நாம் போவது ஒரு திசை, அது போவது வேறு திசை!

கேள்வி: சாய்க்காமல் நேராக வைத்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: 2 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பட்டையே 20 செ.மீ. அகலம் வரும். ஏ4-க்குள் ஒன்றுதான் அடங்கும்.

கேள்வி: ஷீட் வைப்பதற்கு முன்பே தாளில் வேண்டாத பட்டைகள் தெரிகின்றனவே?

பதில்: அது அச்சுக் கோளாறு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த 2 மி.மீ. என்பது 23.62 பிக்சல் (அச்சுப் புள்ளி). முழு எண் இல்லாததால் ஒரு கோடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் விழும். 12 பிக்சல் கறுப்பு, 12 வெள்ளை என்று வையுங்கள். 2.03 மி.மீ. வரும், பாதகமில்லை. பக்கத்துக்குப் பொருத்தும் வசதியை அணைத்து 100 சதவீதத்தில் அச்சிடுங்கள், இல்லையென்றால் அதே கோளாறு திரும்ப வரும். ஷீட் வளைந்தால் பட்டைகளும் வளையும், அதனால் 2 மி.மீ. அக்ரிலிக் தகட்டோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். விளக்கு முக்கியம். ஒற்றை ஸ்பாட் லைட் போட்டால் முன்கோட்டின் நிழல் தாளில் விழுந்து மூன்றாவது வரிசையாகிப் படத்தையே கெடுத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் போல் பரவலாக இருக்கட்டும்.

கேள்வி: இன்னொரு வெனிசுவேலாக் கலைஞர் கார்லோஸ் க்ரூஸ்-டீஸ் போல நடக்க நடக்க நிறம் மாறச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். 1959-ல் அவர் தொடங்கிய ‘ஃபிசிக்ரோமி’ வரிசையில் மெல்லிய பட்டிகள் பலகையில் செங்குத்தாக எழுந்து நிற்கும். நேரே பார்த்தால் அடித்தள நிறம், பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டியின் நிறம். பலரும் பட்டியைக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள். பட்டிகளுக்கு நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, பட்டி 3 மி.மீ. உயரம் என்றால், நேர் எதிரிலிருந்து பக்கவாட்டில் 73 பாகை வரை போனால்தான் அடித்தளம் முழுக்க மறையும். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். உயரத்தையும் 10 மி.மீ. ஆக்குங்கள், 45 பாகையிலேயே மறைந்துவிடும்.