ஐடி ஆள் பற்றாக்குறை என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் வேலை இல்லை?

மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தம்பி: ஐடி டிப்ளோமா முடித்து எட்டு மாதம், நிறைய விண்ணப்பம், இரண்டே நேர்காணல். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், அதனால் நேராகவே சொல்கிறேன்.

பற்றாக்குறை பொய்யில்லை, ஆனால் அது உங்களைப் பற்றியது இல்லை. கம்பெனிகள் தேடுவது கிளவுட் (இணையம் வழி இயங்கும் கணினிச் சேவை), இணையப் பாதுகாப்பு மாதிரி வேலையில் நாலைந்து வருடம் அடிபட்டவர்களை. அவர்களில் பலர் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யார் நிற்பார்கள்? அப்புறம் 'ஆள் கிடைக்கவில்லை' என்ற பேச்சில் 'நாங்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு' என்ற வார்த்தை விழுங்கப்படுகிறது. 2025இல் மாதக் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, அதிலேயே கோலாலம்பூர் அறை வாடகையையும் கட்டிக்கொள்ளச் சொல்லி, ஜாவாவும் டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் எங்கே கிடைப்பான்?

புதியவர் வேலைக்கும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். பழக்கிவிட யாருக்கும் பொறுமை இல்லை. மாண்டரின் (சீன மொழி) தெரிய வேண்டும் என்ற வரி வேறு, அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

சரி, என்ன செய்வது? ஈப்போ பக்கத்திலேயே ஹெல்ப்டெஸ்க் (கணினிப் பிரச்சினைக்கு உதவும் வேலை), பள்ளி, கிளினிக் கணினிப் பராமரிப்பு என்று எது கிடைத்தாலும் ஏறிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் நுழைந்தேன், பிரிண்டர் பழுது பார்த்து.