மாட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

கூடத்தில் சாம்பல் நிற சோபா போட்டிருக்கிறோம். அதற்குப் பொருந்தும் நிறத்தில், பெண் உருவம் உள்ள நீர்வண்ண ஓவியம் சொல்லுங்கள். – வாசகி, கோவை

சோபா பத்து வருடத்தில் கிழிந்துவிடும். ஓவியம் உங்கள் பேத்தி காலம்வரை இருக்கும். எதை எதற்குப் பொருத்துவது? நிறத்தை விடுங்கள். சோபாவிடம் கேட்க வேண்டியது அளவை மட்டும்தான். சட்டத்தோடு சேர்த்து ஓவியத்தின் அகலம், சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். உருவ ஓவியம் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? வலப்பக்கம் பார்க்கும் பெண்ணைச் சுவரின் வலக்கோடியில் மாட்டினால், எப்போது வீட்டைவிட்டுக் கிளம்பலாம் என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். இடப்புறம் மாட்டுங்கள், அறைக்குள் திரும்பிவிடுவாள்.

ஒரு ஓவியம் 18,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், திருச்சி

என்ன அளவு? எதன்மேல் வரைந்தது? பென்சிலா, இங்க்கா, நீர்வண்ணமா? வரைந்தவர் யார்? ஒன்றும் எழுதவில்லை. இதற்கு ஜோதிடரிடம்தான் பதில் கிடைக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

வெறும் பென்சில் கோட்டோவியத்துக்கு எதற்கு இவ்வளவு விலை? – வாசகர், திருநெல்வேலி

பென்சிலுக்குப் பத்து ரூபாய்தான். மிச்சம் கைக்கு. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்திகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘வெறும்’ என்ற சொல்லைப் பயன்படுத்த முடிகிறதா என்று சொல்லுங்கள். கோட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனால் உருவ ஓவியம் வாங்கும்போது முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். விரல்களையும் பாதங்களையும் பாருங்கள். கை வராதவர்கள் கைகளை முந்தானைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ மறைத்துவிடுவார்கள். அடுத்தது, கோட்டின் அழுத்தம். தோளில் பாரம் இறங்கும் இடத்தில் கோடு தடித்து, ஒளி படும் இடத்தில் மெலிய வேண்டும். தலை முதல் கால்வரை ஒரே தடிமனில் கம்பிபோல ஓடினால், புகைப்படத்தின்மேல் வைத்து நகல் எடுத்ததாக இருக்கலாம்.

அசலா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, புதுச்சேரி

நகை பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு என்றால் நுண்புள்ளிகள் தெரியும். அசல் நீர்வண்ணத்தில் காகிதத்தின் சிறு குழிகளில் நிறமி தேங்கியிருக்கும், காய்ந்த திட்டின் ஓரம் சற்று அடர்ந்திருக்கும். பென்சில் கோட்டைச் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். கீழே 12/100 என்று பென்சிலால் எழுதியிருந்தால், அது 100 பிரதிகளில் ஒன்று. நல்ல அச்சு வாங்குவதில் தவறில்லை, அசல் விலைக்கு வாங்காதீர்கள். சட்டம் போட்டே தந்தால் பின்பக்கத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

300 ஜிஎஸ்எம் (தடித்த) பருத்திக் காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று வாங்கி, பக்கத்துக் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டோம். இரண்டு மழைக்காலம் போனது. இப்போது பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓவியர் மட்டமான காகிதத்தில் வரைந்து ஏமாற்றிவிட்டாரா? – வாசகர், சென்னை

300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஓவியரை ஏன் இழுக்கிறீர்கள்? வேலையைக் காட்டியது சட்டம் போட்ட கடைக்காரர்.

சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் செய்வதையே நம் ஊர்க் கடைகள் ஓவியத்துக்கும் செய்கின்றன. ஹார்ட்போர்டில் பசையைத் தடவு, படத்தை அழுத்து, மேலே கண்ணாடியை வை, ஆணி அடி. பத்து நிமிட வேலை. ஓவியக் காகிதம் ஈரக்காற்றில் விரியும், வறண்டால் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் நகர வழியில்லாமல் அலையலையாக எழும்பும். எழும்பிய இடம் கண்ணாடியைத் தொடும். அங்கே ஈரம் தேங்கும், பூஞ்சை பிடிக்கும். ஹார்ட்போர்டின் அமிலம் பின்பக்கமிருந்து காகிதத்தைப் பழுப்பாக்கும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதன் கோந்து தனியாகக் கறை போடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்துக்கு இதெல்லாம் நடக்கப் பல வருடம் வேண்டியதில்லை.

கடையில் இதைச் சொல்லுங்கள், எழுதியே கொடுங்கள்: அமிலமற்ற மவுண்ட் போர்டு (ஓவியத்தைச் சுற்றி வரும் அட்டை). கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடைவெளி. ஓவியத்தை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியக் காகிதக் கீலில் (கீல்போல மடித்த சிறு காகிதத் துண்டில்) தொங்கவிட வேண்டும்; பசை மயில்துத்தம் கலக்காத கோதுமை மாப்பசை. பின்னாலும் அமிலமற்ற அட்டை. சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு ரப்பர் குமிழ்கள், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓட. ஐயாயிரம் ரூபாய் ஓவியத்துக்குச் சட்டத்துக்கென்று இரண்டாயிரமாவது ஒதுக்காதவர்கள் ஓவியமே வாங்க வேண்டாம் என்பேன். ‘லாமினேஷன் போட்டுத் தரட்டுமா, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று அன்போடு கேட்பார்கள். ஓவியத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

உங்கள் படத்தை இப்போது இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புள்ளிகளை ரப்பரால் தேய்ப்பது, பிளீச்சிங் வைப்பது எதுவும் வேண்டாம். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டியிருந்தீர்கள் என்றால் இடத்தையும் மாற்றுங்கள்.

சார்கோல் (கரி) ஓவியத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடலாமா? – வாசகர், ஈரோடு

கூடாது. அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான், அதுவும் இடைவெளி விட்டு.

கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் அழகாக விழுகிறது. அங்கே மாட்டலாமா? – வாசகி, மதுரை

எத்தனை முறை எழுதுவது? வெயில் படும் சுவர் நீர்வண்ணத்துக்கு ஆகாது. அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் விடுகின்றன. உங்கள் ஜன்னலில் வருவது ஆயிரக்கணக்கில். ரோஜா நிறங்கள் முதலில் போகும், உருவ ஓவியத்தில் அது கன்னமும் உதடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஜன்னல் இருக்கும் அதே சுவரில், பக்கவாட்டில் மாட்டுங்கள்.

தாத்தா காலத்து ரவிவர்மா சரஸ்வதி எங்கள் வீட்டில் இருக்கிறது. கோடி பெறுமா? – வாசகர், காரைக்குடி

அநேகமாக ஒலியோகிராப், அதாவது எண்ணெய் ஓவியம்போலத் தோன்றும் வண்ண அச்சு. 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து ஏராளமாக வெளிவந்தவை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடி வராது, நல்ல நிலையில் இருந்தால் ஆயிரங்களில் வரும். பழைய சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பலகையை மட்டும் மாற்றுங்கள்.

மாணவர் ஒருவர் வரைந்த நிர்வாண உருவப் பயிற்சி ஓவியம் மிகவும் பிடித்திருக்கிறது. மாமியார் முகம் சுளிக்கிறார். – வாசகி, சேலம்

உங்கள் அறையில் மாட்டுங்கள்.

பத்தாயிரத்துக்குள் நல்ல உருவ ஓவியம் எங்கே கிடைக்கும்? – வாசகர், வேலூர்

எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகளுக்குப் போங்கள். 1850இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியில் இன்றும் உருவம் வரைவது பாடம். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியும் கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல இடங்கள். வாங்கும்போது என்ன காகிதம் என்று கேளுங்கள், கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். பின்பக்கத்தைப் பாருங்கள்.

நாங்கள் வாங்கிய ஓவியத்தை மகள் கல்யாண அழைப்பிதழில் அச்சிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

காகிதம் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் அவருக்கும் வாரிசுகளுக்கும் உண்டு. போனில் கேட்டுவிட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பிதழின் ஓரத்தில் அவர் பெயரைப் போடுங்கள், ஒரு அழைப்பிதழ் அவருக்கும் வையுங்கள்.