தொண்டமைப்புக்கு யார் தலைமை?

அன்புள்ள ஐயா,

எங்கள் வட்டாரத்தில் இயங்கும் ஒரு மனிதநேய உதவி அமைப்புக்குப் பல ஆண்டுகளாக மாதந்தோறும் ஒரு சிறு தொகை அனுப்பி வருகிறேன். வெள்ளம், புயல், இடப்பெயர்வு என்று எது நேர்ந்தாலும் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள். அண்மையில் புதிய தலைமையை அறிவித்தார்கள். அறங்காவலர் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. செயல் இயக்குநர் முன்னாள் ராணுவ அதிகாரி. குழுவில் ஒரு வழக்கறிஞர், ஒரு தணிக்கையாளர், இரண்டு மருத்துவர்கள். நிவாரண முகாமில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர் இவர்களில் ஒருவரும் இல்லை. நெடுங்காலம் களத்தில் இருந்த துணை இயக்குநருக்கு முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவரைப் பரிசீலிக்கவே இல்லையாம். சேவை அமைப்பு கம்பெனியாகிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நன்கொடையை நிறுத்திவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபத்தில் பாதியை ஏற்கிறேன். ஏற்காத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1863 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்து பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். ஒருவர் வணிகர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் ராணுவத் தளபதி, இருவர் மருத்துவர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டால் தணிக்கையாளர் மட்டும்தான் குறைகிறார். அந்தக் குழுதான் பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவானது. ஆக, இத்தகைய பின்னணி கொண்டவர்கள் உட்கார்ந்தாலே சேவை செத்துவிடும் என்றால், நவீன நிவாரணப் பணி பிறந்த அன்றே செத்திருக்க வேண்டும்.

அந்த ஐவரின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. வணிகரான ஹென்றி டுனாண்ட் 1859 ஜூனில் தம் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்கப் போனவர். போன இடத்தில், வட இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஆயிரக்கணக்கான காயம்பட்டவர்களைக் கண்டார். ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப்போட வைத்தார். கனவு அவருடையது. ஆனால் கணக்கு அவருக்கு வரவில்லை. 1867இல் தொழிலில் திவாலாகி, குழுவின் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டார். வழக்கறிஞரான குஸ்தாவ் மொய்னியர் 1864 முதல் 1910 வரை தலைவராக இருந்து அமைப்பைக் கட்டி எழுப்பினார். டுனாண்டைப் போல் நெஞ்சைத் தொடும் மனிதர் அல்லர் மொய்னியர்; பழைய தோழரை அவர் நடத்திய விதத்தை என்னால் ரசிக்கவும் முடியாது. ஆனாலும் அவர் இல்லையென்றால் டுனாண்டின் கனவு நல்லெண்ணமாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

தளபதி டூஃபோரையும் விட்டுவிடக் கூடாது. 1847இல் சுவிட்சர்லாந்தின் உள்நாட்டுப் போரில் கூட்டாட்சிப் படையை நடத்தியவர். எதிரணியின் காயம்பட்டவர்களைக் காக்கும்படி தம் வீரர்களுக்கு உத்தரவிட்டவர். ராணுவப் பின்னணி என்றதும் நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். குழுவின் முதல் தலைவரே ராணுவத்தார்தான்.

கணக்கர்கள் மீது உங்களுக்கு இன்னும் கூடுதலான கோபம் இருக்கிறது போலும். வங்கதேசத்தின் ஃபாஸ்லே ஹசன் அபேத் லண்டனில் கணக்கியல் படித்தவர். சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் உயர் பதவியில் இருந்தார். 1970 நவம்பர் புயலும் மறு ஆண்டின் வங்கதேச விடுதலைப் போரும் அவர் வாழ்க்கையைத் திருப்பின. லண்டனில் இருந்த வீட்டை விற்று, 1972இல் திரும்பிவந்த அகதிகளுக்காக பிராக் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு பின்னர் கிராமம் கிராமமாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்கத்தான். கற்றுக்கொடுத்த பெண்களின் சம்பளம் எத்தனை வீடு ஏறினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் விசாரிப்பார். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் ஊதியம். இந்த யோசனை உருகும் மனத்திலிருந்து மட்டும் வந்துவிடாது. கொடுத்த பணத்துக்கு எதிரே என்ன வந்தது என்று கேட்டுப் பழகிய மூளைக்கே இது எட்டும். அமெரிக்கச் செஞ்சிலுவையை 1881இல் தொடங்கிய கிளாரா பார்ட்டன் போர்க்களங்களில் உயிரைப் பணயம் வைத்தவர். அவரே 1904இல் பதவி விலக நேர்ந்ததற்கு நிர்வாகத்தையும் வரவுசெலவையும் பற்றிய புகார்கள்தான் காரணம்.

ஆகவே வங்கிக்காரர் இருக்கட்டும், தணிக்கையாளரும் இருக்கட்டும். நிவாரணப் பணம் காணாமல்போவது பெரும்பாலும் யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் அல்ல. ஒரே கடைக்காரரிடம் மூன்று பெயரில் விலைப்புள்ளி வாங்குவதால். கிடங்கிலிருந்து லாரி கிளம்பியதற்கும் முகாமில் இறக்கியதற்கும் நடுவே கையொப்பம் இல்லாததால். இதைக் கண்டுபிடிக்க இரக்கம் போதாது.

இனி நான் ஏற்கும் பாதி.

பன்னாட்டு அமைப்பின் பொறுப்பாளர் பேரிடர் முடிந்ததும் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். வட்டார அமைப்பை நடத்துபவர் அங்கேயே வாழ்ந்தாக வேண்டும். அவருடைய மைத்துனர், பள்ளித் தோழர், ஆளுங்கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், வழிபாட்டுத் தலத்தின் பொறுப்பாளர் என எல்லோரிடமும் அவருடைய கைப்பேசி எண் இருக்கும். பயனாளிகளின் பட்டியல் தயாராகும் நாட்களில் அது ஓயாமல் ஒலிக்கும். 'நம்ம ஆட்கள் நாற்பது பேர் விடுபட்டிருக்கிறார்கள்' என்று ஒரு குரல் சொல்லும். மறுக்க முடியாத உறவாக இருக்கும். நிவாரணத்தில் ஊழல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி உறவின் பெயரால், கெட்ட எண்ணமே இல்லாமல் நடப்பது.

இங்கேதான் வெளியிலிருந்து வந்த ஒரு ராணுவ அதிகாரி பயன்படுவார். அவருக்கு மைத்துனர் தொல்லை இல்லை. 'முடியாது' என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடலாம். உங்கள் அமைப்பின் குழு அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணமாக இருந்தால் வியப்பில்லை.

ஆனால் பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டவரை நீக்குவது எளிது. சேர்க்கப்படாதவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வீட்டு உரிமையாளர் பெயரில் உதவி போய்ச் சேர்ந்து, அந்த வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பம் விடுபட்டிருக்கும். அடையாள அட்டை வெள்ளத்தோடு போனவர் இருக்க மாட்டார். வேறு மாநிலத்திலிருந்தோ நாட்டிலிருந்தோ வேலைக்கு வந்தவர் இருக்க மாட்டார். கணவன் விட்டுப் போனவள், ஆனால் ஏட்டில் இன்னும் அவன்தான் குடும்பத் தலைவன். பணம் அவன் கணக்குக்குப் போகும். எந்தச் சமூகத்தார் பொது முகாமுக்குள் நுழையத் தயங்கி வெளியே தங்கியிருக்கிறார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இராது. இதையெல்லாம் அறிந்தவர் அங்கேயே இருபது ஆண்டு நடந்தவர்தான். நீங்கள் சொல்லும் துணை இயக்குநர் அப்படிப்பட்டவர் என்றே ஊகிக்கிறேன். அவரைப் பட்டம் இல்லை என்று ஒதுக்கியது அநீதி மட்டுமல்ல, அசட்டுத்தனமும்கூட.

இந்த அசட்டுத்தனத்துக்கு உங்கள் அறங்காவலர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில் பெரிய நிதி வழங்குநர்களும் உதவி அமைப்புகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதம் கூடியவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போகவேண்டும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. அது நிறைவேறவில்லை. உள்ளூர் அமைப்புகளுக்கு அதைத் தாங்கும் நிர்வாகத் திறன் இல்லை என்று காரணம் சொன்னார்கள். திறன் என்று அவர்கள் கருதியது என்ன? நல்ல ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை, அவர்களுக்குப் பழக்கமான வடிவில் தணிக்கைக் கணக்கு, கூட்டத்தில் அவர்களைப் போலவே பேசக்கூடிய ஓர் இயக்குநர். எனவே வட்டார அமைப்புகள் நிதி தருபவருக்குப் பிடித்த முகத்தைத் தேடி வைக்கத் தொடங்கின. களத்தில் கெட்டிக்காரரான இளைஞர்களோ பன்னாட்டு அமைப்புகள் தரும் பெரிய சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சுபவர் உங்கள் துணை இயக்குநரைப் போல ஊரைவிட்டுப் போக மனமில்லாதவர். அவருக்குக் கிடைத்த பரிசு இது.

ராணுவப் பின்னணியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது ஒழுக்கம், அதட்டல் பற்றியதல்ல. உங்கள் வட்டாரத்தில் வெள்ளமும் புயலும் மட்டும் என்றால் அவர் இருப்பதால் கேடில்லை, லாரியும் படகும் நேரத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் இடப்பெயர்வு என்றும் எழுதியிருக்கிறீர்கள். மக்கள் இடம்பெயர்ந்தது ஆயுத மோதலால் என்றால், அந்த மோதலில் எந்தப் படை ஒரு தரப்போ அந்தப் படையில் இருந்தவர் நிவாரண அமைப்பின் முகமாக இருக்கக் கூடாது. அவர் உத்தமராகவே இருக்கலாம். முகாமில் இருப்பவர் அவரை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லையே.

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டன. அதில் பத்துக் கொள்கைகள். ஏழாவது, உதவி பெறுபவர்களை அந்த உதவியின் நிர்வாகத்தில் ஈடுபடுத்த வழி காணவேண்டும் என்கிறது. ஒன்பதாவது, பணம் தந்தவருக்கு மட்டுமின்றி உதவி பெற்றவருக்கும் நாம் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. இவற்றை ஏற்றுக் கையொப்பமிட்ட அமைப்புகள் ஏராளம். முகாமில் வாழ்ந்த ஒருவரை நிர்வாகக் குழுவில் அமர்த்தியவை எத்தனை என்று தேடினால் சலிப்புத்தான் மிஞ்சும்.

நிவாரணம் பெற்றவர் குழுவில் இருந்தால் என்ன மாறும்? ஸ்ஃபியர் கையேடு என்று ஒன்று இருக்கிறது; 1997இல் தொடங்கிய முயற்சி. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்றெல்லாம் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. இவற்றை மருத்துவரும் பொறியாளரும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அதே கையேடு தண்ணீருக்கு வரிசையில் அரை மணிக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்கிறது. ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும் என்கிறது. உள்ளிருந்து தாழிட முடியவேண்டும், விளக்கு வேண்டும் என்கிறது. இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண் ஒருத்தி அந்த மேசையில் இருந்தால், தாழ்ப்பாள் என்பது செலவுப் பட்டியலின் கடைசி வரியாக இருக்காது. உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பாருங்கள்.

நன்கொடையை இப்போதே நிறுத்த வேண்டாம். உங்களைப் போன்ற சிறு நன்கொடையாளர்கள் விலகினால் அமைப்பு முழுதும் பெரிய நிதியாளர் சொல்லுக்கு ஆடவேண்டியதாகிவிடும். நீங்கள் தருவது எந்தத் திட்டத்தோடும் கட்டப்படாத பணம். திடீரென்று படகு வாடகைக்கு வேண்டும்போது கைகொடுப்பது அதுதான்.

அதற்குப் பதில் அறங்காவலர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மரியாதையாக. பயனாளிப் பட்டியலில் இறுதிக் கையொப்பம் யாருடையது, துணை இயக்குநருக்கு அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உண்டா என்று கேளுங்கள். விடுபட்டவர் முறையிட்டால் அந்த முறையீட்டை விசாரிப்பவர் யார், பட்டியலைத் தயாரித்தவரேயா என்று கேளுங்கள். இயக்குநர் பதவிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதியை அவர்களே எழுதினார்களா, நிதி தருபவர் எழுதவைத்தாரா என்பதையும் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு வரும் பதில் மழுப்பலாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். அடுத்த காலியிடத்தில் முன்பு அவர்களிடம் உதவி பெற்ற ஒருவரைக் குழுவில் சேர்ப்பார்களா என்பதற்கு மட்டும் தெளிவான பதில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தும் பதிலே வராவிட்டால், அல்லது துணை இயக்குநர் அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டால், எனக்கு மறுபடி எழுதுங்கள். நிறுத்துவது பற்றி அப்போது பேசலாம்.