ஜோ லூயிஸ் ஏன் திரும்பி வந்தார்?

அன்புள்ள அண்ணா,

குத்துச்சண்டை வீரர்கள் ஜோ லூயிஸும் ராக்கி மார்சியானோவும் மோதிய பழைய கறுப்பு வெள்ளைப் பதிவை நேற்று யூடியூபில் பார்த்தேன். தலை வழுக்கை விழத் தொடங்கிய ஒருவர் கயிறுகளுக்கு நடுவே சரிந்து ரிங்குக்கு வெளியே விழுகிறார். அவரா பன்னிரண்டு வருடம் உலக சாம்பியனாக இருந்தவர்? பட்டத்தோடு ஓய்வு பெற்றவர் எதற்குத் திரும்பி வரவேண்டும்? புகழ் போதைதானே? கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

கே., சிவகாசி

அன்புள்ள கே.,

புகழ் போதையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் 1950-இல் அவரை மறுபடி ரிங்கில் ஏற்றிவிட்டது வரிக்கடன்.

அலபாமாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்தவர் லூயிஸ். 1937-இல் அப்போதைய சாம்பியன் பிராடாக்கை வீழ்த்தி ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டம் வென்றார். 1949 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை 25 முறை அதைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த எடைப் பிரிவில் இன்றுவரை யாரும் இதைத் தாண்டவில்லை.

1942-இல் அவர் செய்ததைப் பாருங்கள். பட்டி பேர் என்பவருடன் மோதிக் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும், ஏப் சைமனுடன் மோதிக் கிடைத்ததைத் தரைப்படை நிதிக்கும் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் அவரைப் போன்ற கறுப்பர்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கிவைத்திருந்த ராணுவம் அது. பணம் அவர் கைக்கு வரவே இல்லை. வரித் துறையோ அதையும் அவருடைய வருமானமாகக் கணக்கில் எழுதிக்கொண்டது. அதே ஆண்டு அவரும் ராணுவத்தில் சேர்ந்தார். பெரிய ஆட்டம் கிடையாது, செலவு மட்டும் நிற்கவில்லை. ஆட்டம் நடத்தும் மைக் ஜேக்கப்ஸிடம் கடன் வாங்கிக்கொண்டே இருந்தார்.

1946-இல் பில்லி கானுடனான மறு ஆட்டத்தில் அவர் பங்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல். மேனேஜர், ஜேக்கப்ஸ், மணமுறிவு பெற்ற மனைவி என்று ஆளுக்கொரு பங்கு போனபின் வரி கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அவரும் ஊதாரிதான், அதை மறைக்கவேண்டாம். கோல்ஃபில் பந்தயம் கட்டித் தோற்பார், கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக்கொடுப்பார். அதே மனிதர்தான், குடும்பம் வறுமையில் அரசிடம் வாங்கிய உதவித்தொகையை, சம்பாதிக்கத் தொடங்கியதும் திருப்பிக் கட்டியவர்!

பழைய பாக்கிக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதை அடைக்க அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மேடையேறிச் சம்பாதித்தால் அந்த வருமானத்துக்கும் வரி. 1951-இல் அமெரிக்காவின் உச்ச வரி விகிதம் 91 சதவீதம். குத்து வாங்கி ஈட்டிய பணம் வட்டிக்கே காணாது. 1950-இல் எஸார்ட் சார்ல்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில், 37 வயதில், நீங்கள் பார்த்த அந்த எட்டாவது ரவுண்டு. அந்தப் பதிவில் இன்னொன்றைக் கவனியுங்கள். இடது ஜாப் (கையை நேராக நீட்டிக் குத்துவது) அப்போதும் ஒழுங்காகத்தான் போகிறது. ஒரு காலத்தில் எல்லோரையும் சாய்த்த வலது கைதான் எழவில்லை. சிறு வயதிலிருந்து லூயிஸை ஆராதித்த மார்சியானோ, ஜெயித்தபின் அவர் அறைக்குப் போய் அழுதாராம்.

அப்புறமும் வரிக்கடன் விடவில்லை. 1953-இல் அம்மா இறந்தபோது மகனுக்கு விட்டுப்போன 600 சொச்சம் டாலரையும் வரித் துறை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 1956-இல் காசுக்காக மல்யுத்தக் காட்சியில்கூட இறங்கினார். பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை, இனி வரும் வருமானத்துக்கு வரி கட்டினால் போதும் என்று அரசு இறங்கிவந்தது 1960-களில்தான்.

லாஸ் வேகாஸ் வேலைக்காக நீங்கள் வருத்தப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. சீஸர்ஸ் பேலஸில் விருந்தினர்களோடு கைகுலுக்குவது, கோல்ஃப் ஆடுவது, அவர்களோடு சீட்டு மேசையில் உட்காருவது, இதற்குச் சம்பளம். போதைப் பழக்கமும் மனநோயும் வந்து படாதபாடு பட்ட மனிதருக்கு அது கௌரவமான வேலை. யாரும் அடிக்காத வேலையும்கூட.

முடிந்தால் 1938-இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங்குடன் நடந்த மறு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு தன்னை வீழ்த்தியவரை முதல் ரவுண்டிலேயே, 124 நொடியில் முடித்துவிடுகிறார். அந்த வலது கையை அதில் பார்க்கலாம்.