அலகு படும் இடமெல்லாம் பாருங்கள்: கிளிக்கூண்டு கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் கூண்டு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். முன்கூட்டியே ஒரு விளக்கம். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது பட்ஜி என்ற சின்னக் கிளி. ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட் வேறு பறவை. அதன் அலகு பட்ஜியின் அலகைவிடப் பலமானது. இரண்டுக்கும் ஒரே கூண்டு, ஒரே பொம்மை என்று நினைப்பதிலேயே பல சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.

வெல்டரிடம் சொல்லி ஜிஐ வெல்ட் மெஷ்ஷில் 3 அடிக் கூண்டு செய்து, இரண்டு சன் கான்யூர் கிளிகளை விட்டோம். இரண்டு வாரத்தில் ஒன்று சோர்ந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கிறது, எச்சம் தண்ணீராகப் போகிறது. வயிற்றுப்போக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
*வாசகர், திருப்பூர்*

கொடுக்காதீர்கள். இரண்டு பறவைகளையும் இன்றைக்கே அந்தக் கூண்டிலிருந்து வெளியே எடுங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதைக்கு அதுவே மேல்.

கூண்டில் விரித்த செய்தித்தாளில் விழுந்த எச்சத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளியின் எச்சத்தில் மூன்று பாகம் உண்டு: புழு மாதிரி சுருண்ட பச்சைப் பகுதி, அதன்மேல் சுண்ணாம்பு போல வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். பச்சைப் பகுதியே உருவம் கலைந்து குழைந்திருந்தால்தான் அது வயிற்றுப்போக்கு. பச்சை உருவத்தோடு இருந்து, சுற்றியுள்ள தாள் மட்டும் அகலமாக நனைந்திருந்தால் சிறுநீர் அதிகம் போகிறது என்று அர்த்தம். புதுக் கூண்டு, அதிக தாகம், சோர்வு, நனைந்த தாள் நான்கும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது துத்தநாக நஞ்சு.

ஜிஐ என்பது இரும்புக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்தது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும்போது கம்பிகள் சேரும் மூலைகளில் சொட்டு சொட்டாக நின்று இறுகிவிடும். விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடும். சில நாள் ஈரம் பட்டால் வெள்ளையாக மாவு பூக்கும், அதுவும் துத்தநாகம்தான். கான்யூர் கூண்டில் ஏறுவதே அலகால் கம்பியைக் கவ்விக்கொண்டுதான். நெருடுகிற இடம் கிடைத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிடும். அந்தத் துகள் அரைவைப் பையில் தங்கி, வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. சாப்பிட்டதைக் கக்குவது, இறகைப் பிடுங்கிக்கொள்வது, குச்சியில் நிற்க முடியாமல் தள்ளாடுவது, கடைசியில் வலிப்பு என்று அடுத்தடுத்து வரும்.

பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் 'புது ஜிஐ கூண்டு, இத்தனை நாளாகிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கிருமித் தொற்று என்று சிகிச்சை போய்விட வாய்ப்புண்டு. எக்ஸ்ரேயில் உலோகத் துகள் தெரியலாம். கரைந்து போயிருந்தால் தெரியாது, ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்துத் திருப்திப்பட வேண்டாம். உடலில் சேர்ந்த உலோகத்தைப் பிணைத்து வெளியேற்ற கால்சியம் இடிடிஏ ஊசி இருக்கிறது. நேரத்தோடு போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்தில் பறவை மருத்துவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், சென்னைப் பக்கம் இருப்பவர்கள் வேப்பேரி கல்லூரிக்கும் கொண்டுபோகலாம்.

கூண்டை என்ன செய்வது? வெள்ளை வினிகரில் நனைத்த கம்பி பிரஷ்ஷால் இரண்டு பக்கமும், முக்கியமாக மூலைகளை, நெருடல் போகும்வரை தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கட்டியாக நிற்பவற்றை அரத்தால் ராவி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒருமுறை இதையே செய்யுங்கள். இதனால் ஆபத்து குறையுமே தவிரப் போய்விடாது. கம்பியை அதிகம் கடிக்காத பட்ஜிக்கு அந்தக் கூண்டைப் பயன்படுத்தலாம். கான்யூரை மறுபடி அதில் விடுவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். பவுடர் கோட்டிங் செய்த கூண்டு, முடிந்தால் 304 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி ஜிஐயைத் தருகிறார்களா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும்: 304-இல் ஒட்டாது அல்லது லேசாக ஒட்டும், ஜிஐயில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பவுடர் கோட்டிங் எங்கே உரிந்திருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று: சன் கான்யூர், ஆஃப்ரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டுக் கிளிகளை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும், கொண்டையுள்ள காக்டீல் கிளிக்கும் அது தேவையில்லை.

ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட் ஒன்று கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டது. எப்படியோ எடுத்துவிட்டோம். எந்தப் பறவைக்கு எவ்வளவு இடைவெளி சரி?
*வாசகி, மதுரை*

பட்ஜிக்கும் லவ் பேர்டுக்கும் அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. காக்டீலுக்கு 16 மி.மீ வரை, கான்யூருக்கு 16 முதல் 19 மி.மீ, ஆஃப்ரிக்கன் கிரேக்கு 19 முதல் 25 மி.மீ. தலை நுழைந்து தோள் நுழையாத அளவுதான் இருப்பதிலேயே மோசம். உள்ளே போகும்போது இறகு படிந்து வழுக்கிக்கொண்டு போகும், இழுக்கும்போது எதிர்த்து விரியும்.

இடைவெளி சரியாக இருந்தும் கம்பி மெலிதானால் பயனில்லை, அலகால் நெம்பி வளைத்துவிடும். கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண் கேஜ். பட்ஜிக்கு 16 கேஜ் போதும். லவ் பேர்டுக்கும் கான்யூருக்கும் 14 கேஜ் (2 மி.மீ) வேண்டும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், கடையில் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். கதவின் ஓரத்திலும், தீனிக்கிண்ணம் மாட்டும் இடத்திலும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்துத் தனியாக அளந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் அரை அங்குலம் இருக்கும், அங்கே மட்டும் ஓர் அங்குலம் விட்டிருப்பார்கள்.

மேலே தூக்கித் திறக்கும் கதவை லவ் பேர்ட் தானே தூக்கும். தலையை வெளியே நீட்டிய நேரத்தில் கதவு கழுத்தில் விழும். ஒவ்வொரு கதவுக்கும், தீனிக்கிண்ணக் கதவுக்கும் சேர்த்து, ஒரு ஸ்டெயின்லெஸ் கொக்கி போட்டு வையுங்கள்.

பாட்டி காலத்துப் பித்தளை வட்டக் கூண்டு இருக்கிறது. பட்ஜி விடலாமா?
*வாசகர், கும்பகோணம்*

வேண்டாம். உச்சியில் கம்பிகள் கூடும் இடம் குறுகிக்கொண்டே போகும், அங்கேதான் விரலும் கழுத்தும் மாட்டும். பித்தளையிலேயே துத்தநாகம் இருக்கிறது. பழைய பற்றவைப்பில் ஈயம் இருந்தால் இன்னும் ஆபத்து. கூண்டைச் செடித்தொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள்.

ஊஞ்சல் கயிற்றில் பட்ஜியின் விரல் சுற்றிக்கொண்டு, பிடித்து இழுத்ததில் நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
*வாசகி, தூத்துக்குடி*

இழுக்காமல் இருந்திருக்க வேண்டும். பதறிப்போய் இழுக்கத்தான் எல்லாருக்கும் கை வரும், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறைக்குச் சொல்கிறோம்.

ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஒருவர் சின்னத் துண்டால் பறவையை மூடிப் பிடிக்கட்டும். தலையின் இரு பக்கமும் விரலால் தாங்கலாம், நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு, அழுத்திப் பிடித்தால் கையிலேயே போய்விடும். மற்றவர் கயிற்றையோ கம்பியையோ வெட்ட வேண்டும். பொம்மை போனால் போகட்டும், கூண்டுக் கம்பி ஒன்று போனாலும் போகட்டும். கம்பிக்குக் கட்டிங் பிளேயரும் நூலுக்கு நுனி மழுங்கிய சிறு கத்தரியும் கூண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

வெட்டி எடுத்த பிறகு பூதக்கண்ணாடியில் விரலைப் பாருங்கள். கயிற்றிலிருந்து பிரிந்த ஒற்றை இழை தலைமுடியைவிட மெல்லியதாக இருக்கும். விரல் வீங்கினால் அந்த இழை தோல் மடிப்புக்குள் புதைந்துவிடும். மேலே ஒன்றும் தெரியாது, ஒரு பள்ளக் கோடு மட்டும் வளையம் மாதிரி தெரியும். அதை அப்படியே விட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் கருத்து உதிர்ந்துவிடும். பள்ளக் கோடு தெரிந்தால் ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

நகத்தில் இரத்தம் வந்தால் ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளாரை நகத்தின் மேல் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நகம் வேரோடு பிய்ந்து சதை தெரிந்தால் மாவு வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஒரு பட்ஜியின் எடை 35 கிராம் என்றால் உடம்பில் மொத்த இரத்தமே சுமார் மூன்றரை மில்லிதான். இருபது சொட்டு போனாலே ஒரு மில்லி போய்விட்டது. 'கொஞ்சம்தானே வருகிறது' என்று காத்திருக்கக்கூடாது.

பொம்மை வாங்கும்போது பருத்திக் கயிறு, சலங்கை மணி, சாவி வளையம் மூன்றையும் தவிருங்கள். சலங்கையின் அடியில் இருக்கும் குறுகல் பிளவு பட்ஜி விரலுக்கென்றே வெட்டினது போல இருக்கும்: அகலமான பக்கத்தில் விரல் நுழையும், குறுகிய பக்கத்துக்கு நகர்ந்து இறுகிவிடும். பொம்மையைத் தொங்கவிட, திருகி மூடும் ஸ்டெயின்லெஸ் வளையம் போதும். கட்டுக்கம்பியை முறுக்கி, நுனியை நீட்டிக்கொண்டு விடாதீர்கள்.

பட்ஜிகளுக்கு மண்பானை கட்டி, மெத்தென்று இருக்கத் தேங்காய் நார் வைத்தோம். குஞ்சின் காலில் நார் சுற்றிக்கொண்டது. எறும்பும் வருகிறது. எறும்பு சாக்பீஸ் போடலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

நாரை எடுத்துவிடுங்கள். பட்ஜி கூடு கட்டும் பறவை இல்லை. ஆஸ்திரேலியக் காடுகளில் மரப்பொந்தில் வெறும் மரத்தூளின் மேலேயே முட்டையிடும். பானையின் அடியில் இரண்டு விரற்கடை மரச்சீவல் போட்டால் போதும். மருந்தடித்த பலகையின் சீவலோ பிளைவுட் தூளோ வேண்டாம். அதற்காகப் பானையை வெறுமனே விட்டாலும் தவறு. வழுவழுப்பான தரையில் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் வழுக்கி, அப்படியே அகன்று வளர்ந்துவிடும்.

சாக்பீஸ் பூச்சிக்கொல்லி. கூண்டிலோ பானையிலோ போடக்கூடாது. கூண்டை நான்கு காலுள்ள ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கூண்டு சுவரைத் தொடக்கூடாது. சுவரில் ஒரு கம்பி பட்டாலும் எறும்புக்கு அதுவே பாலம். மேலேயிருந்து தொங்கவிட்டிருந்தால் கொக்கியின் நடுவில் வேப்பெண்ணெய் நனைத்த துணியைப் பறவைக்கு எட்டாத உயரத்தில் சுற்றலாம். இறந்த குஞ்சும் உடைந்த முட்டையும் பானையில் கிடந்தால் எறும்பை எதனாலும் தடுக்க முடியாது, தினமும் ஒருமுறை பாருங்கள்.

எங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது. அதற்கு என்ன அளவில் கூண்டு?
*வாசகி, வேலூர்*

நம் நாட்டுப் பச்சைக்கிளியை எந்த அளவுக் கூண்டிலும் வைக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். அன்போடு வளர்க்கிறீர்கள் என்பது புரிகிறது, ஆனாலும் இதில் வேறு பதில் கிடையாது. நீங்களே திறந்துவிடாதீர்கள். இறக்கை வெட்டப்பட்டதும், தீனி தேடிப் பழகாததும் வெளியே போனால் காக்கைக்கு இரை. மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

அபார்ட்மென்ட் வீடு. கூண்டை அடுக்களைக்குப் பக்கத்து ஹாலில் வைக்கலாமா, பால்கனியில் வைக்கலாமா?
*வாசகர், சென்னை*

அடுக்களைப் பக்கம் கூடாது. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனால், 260 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு மணமாகக்கூடத் தெரியாது. கிளி சில நிமிடங்களில் செத்துப்போகும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓயாமல் ஓடுவதால் நம்மைவிட அதிகமாக நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். நான்ஸ்டிக் பூச்சுள்ள சாண்ட்விச் மேக்கரிலும் இதே ஆபத்துதான். கிளி வளர்க்கிற வீட்டில் இரும்புத் தோசைக்கல் இருக்கட்டும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தியைக் கூண்டு இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். கொசுவுக்குக் கூண்டின் மேல் வலை போர்த்தலாம். வலை அலகுக்கு எட்டாதபடி ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும்.

பால்கனியில் வைத்தால் கூண்டின் பாதிக்காவது எப்போதும் நிழல் வேண்டும். கிளிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு ஏறிவிட்டது. உள்ளே கொண்டுவந்து கால்களை ஈரப்படுத்தி, மேலே பனிபோல் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

இரவில் பால்கனியில் விடவே கூடாது. பூனை கூண்டைத் திறக்க வேண்டியதில்லை. மேலே வந்து குதித்தால் போதும், பறவை அலறிக் கம்பியில் தொற்றும், பூனை வெளியிலிருந்தே அதன் காலைக் கவ்விவிடும். எலியும் அப்படித்தான். நிரந்தரமாக வெளியே வைப்பவர்கள் இரண்டு அங்குலம் விட்டு இரட்டை வலை அடிக்க வேண்டும். காக்டீல் வைத்திருந்தால் அறைக்குள்ளும் ஒரு சிறிய விடிவிளக்கு எரியட்டும். அது இருட்டில் சின்னச் சத்தத்துக்கே மிரண்டு கூண்டு முழுக்க மோதிக்கொள்ளும். தீபாவளி வாரத்தில் ஜன்னலைச் சாத்தி, கூண்டின் மூன்று பக்கத்தை மட்டும் துணியால் மூடுங்கள், நான்காவது பக்கம் விளக்கைப் பார்த்து இருக்கட்டும்.