பாதி வாக்கியத்தில் பிரிந்த நாடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோபல் பரிசுகளில் அமைதிப் பரிசு மட்டும் ஏன் ஆஸ்லோவில் தரப்படுகிறது என்று தேடப்போய், நார்வேயும் ஸ்வீடனும் 1905 வரை ஒரே மன்னரின் கீழ் இருந்ததைத் தெரிந்துகொண்டேன். போரே இல்லாமல் பிரிந்தார்களாமே! அந்தப் பெருந்தன்மை மற்றவர்களுக்கு ஏன் வாய்ப்பதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெருந்தன்மையா? அன்றைய ஸ்வீடன்காரர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

1814இல் டென்மார்க் போரில் தோற்று, நார்வேயை ஸ்வீடனுக்கு எழுதிக்கொடுத்தது. நார்வேக்காரர்கள் அதை ஏற்காமல் மே 17 அன்று சொந்தமாக அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். கோடையில் சின்னதாக ஒரு சண்டை, பிறகு சமரசம். சட்டமும் நாடாளுமன்றமும் நார்வேக்கே, மன்னர் மட்டும் பொது. ஆனால் வெளியுறவு ஸ்டாக்ஹோமின் கையில். உரசல் அங்கேதான். நார்வேயின் பிழைப்பே கப்பல். ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் அதன் மாலுமி சிக்கலில் மாட்டினால், உதவி கேட்டு நிற்க வேண்டியது ஸ்வீடன் அமைச்சருக்குக் கட்டுப்பட்ட தூதரிடம். எங்களுக்குத் தனி வணிகத் தூதர்கள் வேண்டும் என்று 1905இல் நார்வே சட்டம் இயற்றியது. மன்னர் இரண்டாம் ஆஸ்கர் ஒப்புதல் தர மறுத்தார். நார்வே பிரதமர் மிக்கெல்சனின் அமைச்சரவை ராஜினாமா செய்தது. வேறு அமைச்சரவை அமைக்க இப்போது வழியில்லை என்றார் மன்னர்.

நார்வேக்காரர்கள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அமைச்சரவை அமைக்க முடியாதவர் மன்னராகச் செயல்படவில்லை. மன்னர் இல்லாததால் பொது மன்னரின் கீழான இணைப்பும் இல்லை. நார்வே நாடாளுமன்றத்தின் ஜூன் 7 தீர்மானத்தில் பிரிவினையே ஒரு துணை வாக்கியமாகத்தான் வருகிறது! கூடவே, உங்கள் குடும்பத்து இளவரசர் ஒருவரை எங்களுக்கு மன்னராகத் தாருங்கள் என்று ஒரு வேண்டுகோள் வேறு. ஆஸ்கர் தரவில்லை. கடைசியில் டென்மார்க் இளவரசர் ஒருவர் வந்தார்.

நார்வேயில் நடந்த ஆகஸ்ட் வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஆதரவாக 3,68,208 பேர், எதிராக 184 பேர். பெண்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் கையெழுத்து திரட்டிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த 368208-ஐவிட இதுதான் பெரிய செய்தி.

சரி, போர் ஏன் வரவில்லை? வரப்பார்த்தது. ஸ்வீடன் நகரமான கார்ல்ஸ்டாடில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே எல்லையில் இரு தரப்பிலும் படைகள் நின்றன. நார்வே தான் புதிதாகக் கட்டியிருந்த எல்லைக் கோட்டைகளை இடிக்க ஒப்புக்கொண்டது. அது அவர்களுக்குக் கசந்தது. பதிலுக்கு இரு பக்கமும் ராணுவம் இல்லாத பட்டை, தகராறு வந்தால் நடுவர் மன்றம், வடக்கின் பழங்குடிகளான ஸாமி மக்களின் கலைமான்கள் எல்லை தாண்டி மேயும் உரிமை என்று வரிவரியாகப் பேசி முடித்தார்கள். அக்டோபரில் ஸ்வீடன் அங்கீகரித்தது. மனம் இளகி அல்ல, கணக்குப் போட்டுத்தான்.

உங்கள் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. 1895இல், இரு நாடுகளும் இணைந்திருந்த காலத்தில், நோபல் உயில் எழுதினார். அமைதிப் பரிசை நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு தரட்டும் என்றார். ஏன் என்று எழுதிவைக்கவில்லை.